மானியம் தோட்டத்திற்குள்ளும் வரட்டும்

கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் வழியில் உள்ளது திரிங்காப். இத்தகைய ஊர்களில் சாலை, வடிகால், பொதுமண்டபம் போன்றவற்றுக்கு அரசு மானியம் கேட்கலாம். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளின் நிலை வேறு. அங்கு நிலம் நிறுவனத்தின் கையில் இருப்பதால், 'இது யாருடைய நிலம்?' என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

இக்கேள்வி நமக்குப் புதிதன்று. தனியார் நிலத்தில் அமைந்த காரணத்தால் பல தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பகுதி உதவி மட்டுமே பெற்றுவந்தன. தோட்டக் குடியிருப்புகளின் குறைந்தபட்ச வசதிகளை 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது உண்மையே. அக்கடமை தொடர வேண்டும். எனினும், அதைக் காரணம் காட்டி அரசு ஒதுங்கிவிடலாகாது.

பொதுப்பணத்தால் தனியார் நிலம் பயனடையும் என்று சிலர் அஞ்சலாம். மண்டபத்திற்கோ நூலகத்திற்கோ தேவையான சிறு நிலத்தை நிறுவனம் நீண்டகாலக் குத்தகைக்கு விட்டால் அவ்வச்சம் நீங்கும்.

மக்களுக்கும் பொறுப்புண்டு. 1996இல் கேரள அரசு, திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒதுக்க முடிவு செய்தது. ஊரின் தேவைகளைக் கிராம சபைகளில் மக்களே கூடிப் பேசினர். தோட்ட மக்களும் அவ்வாறு ஒன்றுகூடித் தலையாய தேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். செலவு மதிப்பீட்டுடன் விண்ணப்பிக்க வேண்டும். பெற்ற பணத்தின் கணக்கை அறிவிப்புப் பலகையில் வைக்க வேண்டும்.

நிலம் யாருடையதாயினும், அங்கு வளரும் பிள்ளைகள் இந்நாட்டின் பிள்ளைகளே. மானியம் அவர்களையும் சென்றடைய வேண்டும்.