விசிட் விசாவில் வேலைக்குப் போகலாமா?

"முதலில் விசிட் விசாவில் போய் இறங்குங்கள், வேலை விசாவை அங்கே மாற்றிக் கொள்ளலாம்" என்று ஏஜெண்டுகள் ஆசை காட்டுவது மும்பைத் தமிழர்களுக்குப் புதிதல்ல. அப்படிப் போய்ப் பிழைத்தவர்கள் இல்லாமலும் இல்லை. துபாயில் விசிட் விசாவை வேலை விசாவாக மாற்றச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் மாற்றி முடிக்கும் வரை ஒரு நாள்கூடக் கூலிக்கு வேலை செய்யக்கூடாது என்பதை ஏஜெண்டு சொல்வதில்லை. பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று ஐக்கிய அரபு எமிரேட் 2024-ல் சட்டத்தைக் கடுமையாக்கியது. முதலாளி அபராதம் கட்டிவிட்டு மீண்டும் கடை திறப்பார். வட்டிக்குக் கடன் வாங்கிப் போனவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1983-ம் ஆண்டின் எமிக்ரேஷன் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இ.சி.ஆர். என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குச் செல்ல எமிக்ரேஷன் கிளியரன்ஸ் தேவை. இதைத் தொல்லை என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் ஆகியவை அடங்கிய ஒப்பந்தத்தை அரசு பார்ப்பது அந்த ஒரு கட்டத்தில்தான். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ பத்து லட்ச ரூபாய் தரும் இன்ஷூரன்சும் அப்போதுதான் எடுக்கப்படுகிறது.

ஊர் பார்க்கப் போகிறவருக்கு இந்தக் கிளியரன்ஸ் வேண்டியதில்லை. அதுதான் ஓட்டை. ஏஜெண்டு அந்த ஓட்டை வழியே ஆளை அனுப்பி விடுகிறார். விமான நிலையத்தில் "டூரிஸ்ட்" என்று சொல்லச் சொல்லி, திரும்பி வரும் டிக்கெட்டையும் ஓட்டல் பதிவுச் சீட்டையும் கையில் திணிக்கிறார். அங்கே சம்பளம் நின்றுபோனால் தூதரகத்தில் காட்ட என்ன இருக்கிறது? அரசின் ஏட்டில் அவர் சுற்றுலாப் பயணிதான்.

பத்தாவது தேறிய குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும், "நமக்கு இ.சி.ஆர். இல்லையே" என்று நிம்மதி கொள்வதற்கில்லை. படித்தவன் தன்னைக் காத்துக் கொள்வான் என்று சட்டம் நம்பியது. மோசடிக்காரர்கள் இப்போது தேடுவதோ படித்தவர்களைத்தான். டேட்டா எண்ட்ரி வேலை, கை நிறையச் சம்பளம் என்று தாய்லாந்துக்கு அழைத்து, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் அடைத்து, சைபர் மோசடி செய்ய வைத்தார்கள். 2022 செப்டம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அப்படியிருந்தும் 2025 மார்ச்சில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டு வர வேண்டியிருந்தது. தாய்லாந்தும் அந்தப் பதினெட்டில் ஒன்றுதான். ஆனால் இ.சி.ஆர். இல்லாதவரின் ஒப்பந்தத்தைக் கிளியரன்சுக்காகக் கேட்பவர் யாருமில்லை. கேட்க வேண்டும் என்பதே நமது கருத்து. கிளியரன்ஸ் தேவையா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது போகிறவரின் படிப்பல்ல, போகிற வேலை.

அதுவரை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பெயரும் லைசென்ஸ் எண்ணும் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் உள்ளன. அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்பவர் எந்த விதியின் கீழ் கேட்கிறார் என்று விசாரியுங்கள். ரசீது தருவாரா என்றும் கேளுங்கள். ஆள் தேவைப்படும் நல்ல கம்பெனி வேலைக்கான என்ட்ரி பெர்மிட்டை மும்பைக்கே அனுப்பும். அனுப்ப முடியாது என்றால், ஏன் முடியாது என்பதற்கான பதிலை விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்பே வாங்கி விடுங்கள்.