கண்டிச்சீமைக்கு இழுத்தது கப்பலா, கடனா?

மேடைக்கு மேடை ஒரே கதைதான். நீராவிக் கப்பல் வந்தது, வெள்ளைக்காரன் தமிழனிடம் ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கி ஏற்றிக்கொண்டு போனான், போனவன் திரும்பவில்லை. காயல்பட்டினத்துக் கரையில் நின்று பார்த்தால் இதில் ஒரு வரிகூட முழுதாகத் தேறாது.

நீராவிக் கப்பல்தான் நமக்குக் கடலைத் திறந்துவிட்டது என்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்த காயலுக்கு ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரைக் கப்பல்கள் வந்துகொண்டிருந்தன. அது எங்கள் ஊரா, பக்கத்துப் பழையகாயலா என்ற சண்டை இருக்கட்டும்; இரண்டுக்கும் கடல் ஒன்றுதான். 'அது வணிகர் கதை, கூலியாட்கள் கதை வேறு' என்பீர்கள். சரி, அங்கேயே வருவோம். 1830-களில் கண்டிச்சீமை எனப்பட்ட இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கியபோது ஆட்கள் போனது பாய்மரத் தோணியில். மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தூத்துக்குடிக்கு ரயில் வந்ததே 1870-களின் நடுவில்தான். ரயிலும் நீராவிக் கப்பலும் கூட்டத்தைப் பெருக்கின, மறுக்கவில்லை. தொடங்கிவைத்தவை அவை அல்ல.

அடுத்து, போனவர் எல்லாம் ஒப்பந்தக் கூலிகள் என்பது. மொரீஷியஸ், நேட்டால், பிஜி போனவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் 1830-களிலிருந்து 1940 வரை இந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்கள் மூன்று கோடிக்குச் சற்றே குறைவு என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதில் ஒப்பந்தத்தில் போனவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரும்பகுதி போனது இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும்.

ஒப்பந்தம் இல்லையென்றால் சுதந்திரமாகப் போனார்கள் என்று பொருளா? ஆமாம் என்று சொல்லி, கங்காணி முறையைக் குடும்பப் பாசம்போலக் காட்டுகிறவர்களும் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரன், சொந்தச் சாதிக்காரன். வழிச்செலவுக்கும் அரிசிக்கும் பழைய கடனை அடைக்கவும் முன்பணம் கொடுப்பான். அந்தப் பணம் தோட்டத்தில் கூலியாளின் தலையில் கடனாக ஏறும். தோட்டம் மாற வேண்டுமானால் துரை ஒரு 'துண்டு' எழுதித் தருவார்: இந்தக் கடனைக் கட்டினால் ஆளை விடுகிறேன் என்று. அடுத்த தோட்டத்துத் துரை கடனைக் கட்டுவார். கடன் அழியாது, ஆளோடு சேர்ந்து இடம் மாறும். மீறினால் சிறைக்கு அனுப்பும் ஒப்பந்தச் சட்டத்தைவிட இது சாமர்த்தியமான கயிறு என்பேன். துண்டு முறையை ஒழித்தது 1921-இல்தான்.

இதே கடலில் வேறு விதமாகவும் உழைப்பு இடம்பெயர்ந்தது. 1905-இல் மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில், மரிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தது. தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபுக் குளியாட்களும் ஒரே முத்துப்பாரில் மூழ்கினார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மீதி அரசுக்கு. அந்த ஒரு பருவத்தில் அரசுக்குக் கிடைத்தது 25 லட்சம் ரூபாய்க்கு மேல். பருவம் முடிந்ததும் மணலில் முளைத்த ஊர் கலைந்தது. அவரவர் பங்கோடு அவரவர் கரைக்குத் திரும்பினார்கள்.

போனவன் திரும்பவில்லை என்பதுதான் கடைசி வாதம். எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பார். வீடு பெண்ணுக்கு. கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் வியாபாரத்துக்குப் போன ஆண் சபர் என்னும் பயணத்தை முடித்துத் திரும்ப ஒரு கதவு இருந்தது, கையில் முதலும் இருந்தது. தோட்டத்துக்குப் போனவர்களும் காப்பிக் காலத்தில் பெரும்பாலும் அறுவடை முடிந்து நம் பக்கத்து நெல் வேலைக்குத் திரும்பியவர்கள்தான். 1869-இல் கண்ட இலைநோய் காப்பியை அழித்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்து பறிக்கப் பெண்களும் வேண்டும். லயம் என்ற வரிசை வீடுகளில் குடும்பம் தங்கியது அப்படித்தான். அவர்களை நிறுத்திவைத்தது கடலல்ல, பயிர்.

அப்படித் தங்கியவர்களில் பெரும்பாலோரை 1948-இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பிரித்தது. ஒப்பந்தம் என்ற சொல் அவர்களுக்குப் பொருந்தியது அப்போதுதான். அதிலும் அவர்கள் கைநாட்டு இல்லை.