பதின்மூன்று வருஷத்துக்கு சம்மதமா?

நண்பர் ஒருவர் போன வாரத்திலிருந்து கடுகடுவென்று இருக்கிறார். பெண்ணுக்குப் பிறந்தநாள் என்று குடும்ப சமேதராக ஒரு விலங்குக் காப்பகத்துக்குப் போயிருக்கிறார். பழுப்பு நிறக் குட்டி ஒன்றைக் காட்டி, 'இதைக் குடுங்க, கிளம்பறோம்' என்றிருக்கிறார். அங்கிருந்த பெண்மணியோ கேள்வி மேல் கேள்வி. சொந்த வீடா, வாடகையா? வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? பகலில் யார் இருப்பார்கள்? வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? போதாக்குறைக்கு, 'ஒருநாள் வீட்டுக்கு வந்து பார்ப்போம்' என்று வேறு. 'தெருநாய்க்கு வாழ்வு குடுக்க வந்தவன்கிட்ட பாஸ்போர்ட் என்கொயரி மாதிரி பண்றாங்க சார்!' என்று புலம்புகிறார்.

என் ஓட்டு அந்தப் பெண்மணிக்கு.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நம் ஊர் நாட்டு நாய், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், சர்வ சாதாரணமாக 12, 13 வருஷம் இருக்கும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை வெளியே கூட்டிப் போகவேண்டும். 13 வருஷத்துக்கு ஏறக்குறைய 9,500 தடவை. அடை மழையில், உங்களுக்குக் காய்ச்சல் அடிக்கும்போது, இந்தியா மேட்ச் ஆடுகிற ராத்திரியில். இன்று ஆறாவது படிக்கிற பெண், நாய்க்குக் கண் மங்குகிற காலத்தில் பெங்களூரில் வேலைக்குப் போயிருப்பாள். நாய் உங்களிடம்தான் இருக்கும்.

ஹட்ச் விளம்பரத்தில் 2003-ல் ஒரு பக் நாய் சின்னப் பையன் பின்னாலேயே ஓடியது ஞாபகமிருக்கிறதா? ஊரெல்லாம் பக் கேட்டது. சப்பை மூக்கு நாய்க்கு மூச்சுத் திணறும், நம் வெயில் ஆகாது என்பதை விளம்பரம் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் வீட்டில் போரடித்தவர்கள் நாய் தேடினார்கள். ஆபீஸ் திறந்ததும் பலருக்கு அது பாரமாகிவிட்டது. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் புத்தி என்று நினைக்காதீர்கள். 'வாங்காதே, தத்தெடு' என்று டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போனவர்களிலும் உண்டு. இலவசமாக வந்ததைத் திருப்பிக் கொடுப்பதில் கூச்சம் இன்னும் குறைவு, அவ்வளவுதான்.

'அது செட் ஆகலை சார்' என்பார்கள். எத்தனை நாளில்? நாலு நாளில்! காப்பகத்து நாய் அதுவரை பார்த்ததெல்லாம் சிமென்ட் தரை, கம்பிக் கதவு, சுற்றிலும் குரைக்கிற கூட்டம். உங்கள் வீட்டு டைல்ஸ் அதற்கு வழுக்கும். குக்கர் விசில் அதற்கு வெடிச்சத்தம். மிக்ஸி ஓடினால் கட்டிலுக்கடியில் போய் ஒளியும். சாப்பிடாது. ஹாலில் ஒண்ணுக்குப் போகும். நாய்களோடு பழகியவர்கள் தோராயமாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: பயம் தெளிய மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம்ம வீடு என்று நம்ப மூன்று மாதம். அடிபட்டு வந்த நாயென்றால் அதற்கும் மேலே. அதுவரை அதற்கென்று ஒரு மூலை, வேளை தவறாத சாப்பாடு, தினமும் ஒரே பாதையில் நடை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டிவந்து ஷேக் ஹேண்ட் கொடுக்கச் சொன்னால் பயந்த நாய் கடிக்கத்தான் செய்யும். உடனே 'வெறி நாயைத் தலையில கட்டிட்டாங்க' என்று பேச்சு வரும். (வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாத வயதில் ஆரம்பித்து, பூஸ்டர், பிறகு வருஷா வருஷம். கருத்தடை ஆபரேஷன், உண்ணிக் காய்ச்சல் வைத்தியம் என்று செலவு தனி. இலவச நாய்க்கும் உண்டு.)

திருப்பிக் கொடுத்தால்கூடத் தேவலை. சில புண்ணியவான்கள் காரில் ஏற்றிப்போய் ஈ.சி.ஆர். ஓரமாக இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். தெருவில் பிறந்த நாய்க்கு ஏரியா உண்டு, எந்தக் கடையில் எலும்பு கிடைக்கும் என்று தெரியும். வீட்டு நாய்க்கு ஒன்றும் தெரியாது. அந்த ஏரியா நாய்கள் குதறும், தப்பித்தால் லாரி. இது சட்டப்படி குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபா உறுப்பினராக இருந்து போராடியதன் பலனாக 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில், ஒரு பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் அடக்கம். முதல் தடவை மாட்டினால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல்! ரெண்டு டீ, ரெண்டு வடைக் காசு. சட்டமே இந்த லட்சணத்தில் இருக்கும்போது, அந்தப் பெண்மணியின் கேள்விகளை விட்டால் நாய்க்கு வேறு வக்கீல் யார்?

வாடகை வீட்டுக்காரர்கள் ஓனரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். குடியிருப்போர் சங்கங்கள் நாய் வளர்க்கத் தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. ஆனால் ஓனர் 'காலி பண்ணுங்க' என்றால் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் நாய் வேண்டுமா? ரொம்ப சந்தோஷம். பிறந்தநாளன்று போகாதீர்கள். ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் தடவை குழந்தைகள் இல்லாமல் போங்கள். குட்டிகளை மொய்க்கிற கும்பலைத் தாண்டிப் போனால் நாலு வயசு, ஆறு வயசு நாய்கள் இருக்கும். செருப்பைக் கடித்துத் துப்புகிற பருவம் முடிந்தவை. எவ்வளவு வளரும், என்ன குணம் என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். பார்த்துக்கொள்கிறவரிடம் கேளுங்கள்: எதற்குப் பயப்படும்? கடைசி ஊசி எப்போது? முன்னால் யாராவது எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்தார்களா, ஏன்? அன்றைக்கே முடிவு பண்ணாமல் இன்னும் ரெண்டு தடவை போய், அதோடு கொஞ்சதூரம் நடந்துவிட்டு வாருங்கள். நம்மால் ஆகாது என்று தோன்றினால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு, வீட்டிலிருக்கும் பழைய பெட்ஷீட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். காப்பகங்களில் அவற்றுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.