மணிக்கூண்டு நிற்கிறது; ஊர் எங்கே?

தெற்குப் போலந்தின் கார்ப்பேத்திய மலைச் சரிவுகளில் மரத்தாலேயே கட்டப்பட்ட மாதா கோயில்கள் பல இன்றும் நிற்கின்றன. முழு மரங்களைச் செதுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி, மூலைகளில் கோத்துச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். கூரையில் ஓடு இல்லை. சிறு சிறு மரப் பலகைகளை மீன் செதில்போல் அடுக்கி வேய்ந்திருக்கிறார்கள். பல கோயில்களில் மேற்கு வாயிலின் மேலேயே மணிக்கூண்டு எழும்புகிறது. தூசான்ஸ்க் என்ற ஊரில் 1817-இல் கட்டிய மரக்கூண்டு தனியே நிற்கிறது.

2013-இல் போலந்தில் 8, உக்ரைனில் 8 ஆக 16 கோயில்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பாராட்ட வேண்டிய செயலே. ஆனால் மரத்தைப் போற்றும் உலகம், அதைச் செதுக்கிய மனிதனை மறந்துவிடலாகாது.

இவற்றுள் குவியாத்தோன், ஒவ்சாரி முதலிய ஊர்க் கோயில்களைக் கட்டியவர்கள் லெம்கோ என்னும் மலைக் குடியானவர்கள். 1947 ஏப்ரலில், உக்ரைனியக் கிளர்ச்சிப் படைக்கு மலைக் கிராமங்கள் இடங்கொடுக்கின்றன என்று காரணம் காட்டி, அன்றைய போலந்து அரசு, லெம்கோக்களும் உக்ரைனியருமாகச் சுமார் 1,40,000 பேரை மூட்டை முடிச்சுடன் ரயிலேற்றியது. நாட்டின் மேற்கிலும் வடக்கிலும், ஓரிடத்தில் கூடி வாழ முடியாதபடி, அவர்களைச் சிதறடித்தது. 'விஸ்துலா நடவடிக்கை' என்று அதற்குப் பெயர். துப்பாக்கி ஏந்தியவனுக்கும் ஏர் பிடித்தவனுக்கும் ஒரே தண்டனை!

பிழைப்பைத் தேடி ஊரை விட்டு வருவது வேறு. ஊரை விட்டே விரட்டப்படுவது வேறு. முன்னவனுக்குத் திருவிழாவுக்கு ரயில் டிக்கட் எடுக்கும் உரிமையாவது உண்டு. லெம்கோக்களுக்கு அதுவும் இல்லை. 1956-க்குப் பிறகு சிலர் திரும்பினர். பலருடைய வீட்டில் வேறொருவர் குடியிருந்தார்.

ஆள் இல்லாத கோயில்கள் பல மழையில் நனைந்து மட்கின; சில இடித்துத் தள்ளப்பட்டன. புதிதாகக் குடியேறிய ரோமன் கத்தோலிக்கர் வழிபாட்டுக்கு எடுத்துக்கொண்டவை பிழைத்தன. அவர்களைக் குறை கூறுவது நியாயமாகாது. அவர்கள் கூரை வேய்ந்திராவிட்டால், இன்று பட்டியலில் சேர்க்கக் கோயிலே மிஞ்சியிராது. ஒவ்சாரியில் இன்று இரு சாராரும் ஒரே கோயிலில் தத்தம் முறைப்படி வழிபடுகிறார்கள். பெருந்தன்மை இருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

1990-இல் போலந்தின் செனட் சபை அந்த நடவடிக்கையைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தீர்மானம் மட்டும் போதாது. ஒவ்வொரு கோயில் வாசலிலும், கட்டியவர் யார், அவர்கள் எந்த ஆண்டு எப்படி வெளியேற்றப்பட்டனர் என்பதைப் பயணிகள் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். பழுது பார்க்கும்போது அவர்களுடைய சந்ததியாரின் யோசனையையும் கேட்க வேண்டும்.

மரக்கூரையை அவ்வப்போது மாற்றித்தான் ஆக வேண்டும்; அதைத் தச்சன் செய்துவிடுவான். மணியோசை கேட்டு வந்த ஊரை எந்தத் தச்சனாலும் திரும்பக் கட்ட முடியாது. அதன் பெயரையாவது அழியாமல் காப்பது அரசின் கடமையாகும்.