நிம்மதிக்கு மதிப்பெண் போடலாமா?

"நீங்கள் நிம்மதியாக இருக்கிறீர்களா?" அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் கேரன் ஸ்டைன்ஹவுசர் குழுவினர், நோய் முற்றிய 248 பேரிடம் இந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்டார்கள். கிடைத்த பதில்கள், நீண்ட வினாப்பட்டியல்கள் காட்டிய மனநலம், ஆன்மிக நலத்தோடு பெருமளவு ஒத்துப்போயின. ஆய்வு வெளிவந்தது 2006இல். அதற்கு முன்பே, ஆன்மிக நலத்தை அளக்க 12 வாக்கியங்களுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடும் 'ஃபேசிட்-எஸ்பி' படிவம் புழக்கத்தில் இருந்தது. மூச்சு வாங்குகிறவரிடம் 12 வாக்கியங்களை எப்படி வாசித்துக்காட்டுவது?

மன அமைதியை எண்ணாக்குவதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. குறிப்பேட்டில் ஏறாத எதுவும் ஷிஃப்ட் மாறும்போது அடுத்த செவிலியரிடம் போய்ச் சேர்வதில்லை. ராத்திரி முழுக்க மகளின் கல்யாணத்தை நினைத்துப் புலம்பியவர், காலையில் வெறும் 'பி.பி. நார்மல்' ஆகிவிடுகிறார்.

என் பயம் வேறு. 1990களில் அமெரிக்க வலிச் சங்கம், வலியை நாடித்துடிப்பு போல ஐந்தாவது உயிர்க்குறியாகக் கருதச் சொன்னது. நல்ல நோக்கம்தான். 2001இல் மருத்துவமனை அங்கீகார விதிகளிலும் வலி மதிப்பீடு நுழைந்தது. எண்ணைக் குறைப்பதே குறியாகி, ஓபியாய்டு வலி மாத்திரைகள் அள்ளி எழுதப்பட இதுவும் ஒரு காரணம் என்ற விமர்சனம் வலுத்தது. 2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கமே 'ஐந்தாவது உயிர்க்குறி' என்ற பட்டத்தைக் கைவிடச் சொன்னது. நிம்மதிக்கும் கட்டம் போட்டால், மதிப்பெண் குறைந்தவருக்குத் தூக்க மாத்திரை எழுதிக் கணக்கை முடித்துவிடுவார்கள்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் இங்கே ஏராளம். மகனும் மருமகளும் கட்டிலைச் சுற்றி நிற்கும்போது கேட்டால், "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறென்ன வரும்? முழு மதிப்பெண்! உடம்பு துடைத்துவிடும்போதும், கட்டு மாற்றும்போதும், நடுராத்திரி டிரிப் பார்க்க வரும்போதும் கேட்டால்தான் உண்மை வரும். அந்த நேரங்கள் செவிலியருக்கு வாய்ப்பவை. டாக்டரின் ரவுண்ட்ஸில் கிடைக்காது.

"இல்லை" என்று பதில் வந்தால் பத்து நிமிடமாவது பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரே செவிலியர் வார்டு முழுக்க ஓடும் இடத்தில் யார் உட்காருவது? கேள்வியைப் படிவத்தில் சேர்க்க நினைக்கும் நிர்வாகம், இரவு ஷிஃப்டுக்கு இன்னொருவரை நியமித்துவிட்டுச் சேர்க்கட்டும். எண்ணுக்குப் பக்கத்தில், நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத ஒரு வரி இடமும் விடட்டும்.