கோர்ஸ் இலவசம்தான், முடிக்கிறது யார்?



பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் பார்த்திருக்கும் பிள்ளைகள் வருடா வருடம் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், இந்தக் கொஞ்ச மாசத்துக்கு என்ன கோர்ஸ் செய்யலாம்?" கேள்வி வரும் முன்பே ஊரில் போஸ்டர் ஒட்டியாகிவிடும். வாப்பா கடன் வாங்கியாவது காசு கட்டுவார்.

ஆனால் அந்தப் பாடங்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் வெப் டிசைன், பைத்தன் கோர்ஸ்களை ஒன்லைனில் இலவசமாக நடத்துகிறது. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கொம்பியூட்டர் பாடத்தை நம் ஊரில் இருந்தும் ஒரு சதம் கட்டாமல் படிக்கலாம். அதன் முதல் வாரம் தொடங்குவதே சிறு பிள்ளைகளும் பழகும் ஸ்க்ராட்ச்சில்தான்.

இப்படிச் சொல்லி லிங்க்கை ஷெயார் பண்ணிவிட்டால் நம் கடமை முடிந்ததா? இல்லை என்பதுதான் என் கருத்து.

ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய இலவச வகுப்புகளைப் பற்றி 2019இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை. 2017-18இல் முடித்தவர்கள் 3.13 வீதம் மட்டுமே. சேர்ட்டிபிக்கட்டுக்காகக் காசு கட்டியவர்களில் 46 வீதம் பேர் முடித்திருந்தார்கள்.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. வகுப்பில் ஒரு பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் நாம் தேடுவோம். ஒன்லைனில் தேட ஆளில்லை. தமிழ் மொழிமூலம் படித்த பிள்ளைக்கு ஆங்கில விரிவுரை மூன்றாவது வீடியோவிலேயே மலையாகிவிடும். கையில் இருப்பது உம்மாவின் போன். அந்தச் சின்னத் திரையில் வீடியோ பார்க்கலாம், புரோகிராம் எழுதிப் பழகுவது பெரும் சிரமம்.

அதனால் தனியாகச் சேராதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே கோர்ஸை எடுங்கள். ஒன்று முடியும்வரை இன்னொன்றில் பதியாதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டு மணித்தியாலம், ஒரே மேசையில் இருங்கள். சப்டைட்டிலைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். விளங்கியவர் மற்றவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். காசு கட்டியவரைப் பிடித்து வைத்தது காசு என்றால், உங்களைப் பிடித்து வைக்கக் கூட்டாளிமார் போதும்.

முடிவில் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும். வாப்பாவின் கடைக்கு ஒரு வெப் பக்கம், பள்ளிவாசல் சந்தாக் கணக்குக்கு ஒரு எக்செல் ஷீட், எதுவானாலும் சரி. சேர்ட்டிபிக்கட்டை ஃபைலில் வைக்கலாம். வேலை கேட்டுப் போகிற இடத்தில் "செய்து காட்டு" என்றுதான் சொல்வார்கள்.

இனி பெரியவர்களுக்கு. 1.30க்கு மணி அடித்ததும் எத்தனை பாடசாலைகளில் ஐசிரி லேப்புக்குப் பூட்டு விழுகிறது? அதை வாரத்துக்கு இரண்டு பின்னேரம் திறக்க அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒரு வழி பார்க்கலாம். பொறுப்பாக இருக்கும் ஆசிரியருக்குப் பைத்தன் தெரிய வேண்டியதில்லை. "இந்த வாரம் என்ன செய்தீர்கள், காட்டுங்கள்" என்று கேட்டாலே போதும். ஏ.எல். முடித்து வீட்டோடு இருக்கும் பெண் பிள்ளைகளுக்கு வேறாக ஒரு நேரம் ஒதுக்குங்கள். கோர்ஸ் தேடித் தூர ஊருக்குப் போக முடியாத அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

பழைய மாணவர் சங்கங்களே, அந்த லேப்பின் இன்டர்நெட் பில்லை ஒரு வருடத்துக்குப் பொறுப்பெடுங்கள். பயனுள்ள கல்விக்குக் கொடுப்பதும் ஸதகத்துல் ஜாரியாதானே. இந்த லீவிலேயே ஒரு குழுவோடு தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.