ஃபேஸ் 1 பாஸ் ஆனா மருந்து ரெடியா?

"மாசத்துக்கு ஒரே ஊசி, சுகர் கண்ட்ரோல்! சோதனை வெற்றி!" இப்படி ஒரு செய்தி உங்க ஃபேமிலி குரூப்புக்கும் வந்திருக்கும். எங்க குரூப்புல அதை ஃபார்வர்ட் பண்ணது நான்தான். தலைப்பை மட்டும் படிச்சுட்டு அனுப்பினேன்.

ரெண்டு வாரம் கழிச்சு அம்மா போன் பண்ணாங்க. அப்பாவுக்கு ஹெச்பிஏ1சி 9.6. இனி மாத்திரை மட்டும் போதாது, இன்சுலின் ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அப்பாவோ, "அதான் தம்பி அனுப்பினானே, புது ஊசி வருதாம். அது வர்ற வரைக்கும் இப்படியே ஓட்டிக்கலாம்"னு சொல்லிட்டாராம். அன்னைக்குத்தான் அந்தச் செய்தியை முழுசா படிச்சேன். கடைசிப் பத்தியில் இருந்தது விஷயம்: ஃபேஸ் 1 சோதனை, சில டஜன் பேர், அதிலும் பலருக்கு சுகரே கிடையாது.

நான் சொல்ல வருவது இதுதான். ஆரம்பக்கட்டச் சோதனை பற்றிய செய்தியை, மருந்து வந்துவிட்ட செய்தியாகப் படிக்காதீங்க. அப்படி ஷேரும் பண்ணாதீங்க.

முதல் கட்டத்தில் கேட்கப்படும் முக்கியமான கேள்வி "இது சுகரைக் குறைக்குமா?" இல்லை. "எவ்வளவு டோஸ் வரைக்கும் உடம்பு தாங்கும்?" என்பதுதான். பொதுவா 20 முதல் 100 பேர். ஒரு சின்ன குழுவுக்கு மிகக் குறைந்த டோஸ் போட்டு, ரத்தத்தில் மருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது, வாந்தி வருகிறதா, இதயத்துடிப்பு மாறுகிறதா என்று பார்ப்பார்கள். பிரச்சினை இல்லையென்றால் அடுத்த குழுவுக்குக் கொஞ்சம் கூடுதல். இதில் "வெற்றி" என்றால், அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று மட்டுமே அர்த்தம்.

ஊசி மருந்துகளில் இந்தப் படிப்படியான சோதனை ஏன் இவ்வளவு முக்கியம்? ஹாஃப் லைஃப் நமக்குத் தெரிந்த விஷயம்தானே, அதை வைத்தே பார்க்கலாம். சாப்பிட்டதும் நம் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கணையத்தை இன்சுலின் விடச் சொல்வது அது. ஆனால் அதன் ஹாஃப் லைஃப் ரெண்டே நிமிஷம் அளவுதான். அதைப் போலவே வேலை செய்து, அதைவிட நீண்ட நேரம் நிற்கும் மருந்தைச் செய்வதுதான் சவால். 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸனடைடின் ஹாஃப் லைஃப் சுமார் 2.4 மணி நேரம், அதனால் ஒரு நாளைக்கு ரெண்டு ஊசி. அடுத்து வந்த லிராக்ளூடைடுக்கு சுமார் 13 மணி நேரம், தினம் ஒரு ஊசி. செமாக்ளூடைடுக்கு ஏறக்குறைய ஒரு வாரம், அதனால் வாரம் ஒன்று.

கேட்க சூப்பரா இருக்கு இல்ல? ஆனால் கணக்கின் இன்னொரு பக்கத்தையும் பாருங்க. ஒரு வார ஹாஃப் லைஃப் உள்ள மருந்து உடம்பை விட்டு வெளியேற சுமார் ஐந்து வாரம் ஆகும். மாத்திரை ஒத்துக்கலைன்னா நாளைக்கு நிறுத்திடலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் செமாக்ளூடைடை நேராக முழு டோஸில் ஆரம்பிப்பதில்லை. முதல் நாலு வாரம் 0.25 மில்லிகிராம். அது சுகரைக் குறைக்கிற டோஸே இல்லை, வயிற்றைப் பழக்கப்படுத்துகிற டோஸ். டோஸ் ஏற ஏறக் குமட்டலும் ஏறும் என்பதை, சோதனைகளில் கலந்துகொண்டவர்கள் தங்கள் உடம்பில் அனுபவித்ததால்தான் இன்றைக்கு மெதுவாக ஏற்றுகிறோம்.

சரி, ஃபேஸ் 2 தாண்டினாலாவது நம்பலாமா? டாஸ்போக்ளூடைடு என்று ஒரு மருந்து இருந்தது. அதுவும் வாரம் ஒரு ஊசிதான். ரோஷ் நிறுவனம் சோதித்தது. 2009இல் வெளியான ஃபேஸ் 2 முடிவில் சுமார் 300 நோயாளிகள், எட்டு வாரம், ஹெச்பிஏ1சி நன்றாகவே இறங்கியது. அடுத்து ஃபேஸ் 3இல் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நீண்ட நாள் கொடுத்தார்கள். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை. பலர் குமட்டலும் வாந்தியும் தாங்காமல் பாதியிலேயே விலகினார்கள். 2010 செப்டம்பரில் ஊசி போடுவதையே நிறுத்தினார்கள். அந்த மருந்து மார்க்கெட்டுக்கு வரவே இல்லை.

செகண்ட் ரிவ்யூவில் ஜம்முனு ஓடின ப்ராஜெக்ட் ஃபைனல் டெமோவில் படுத்த கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். அங்கே போறது மார்க். இங்கே போறது உடம்பு. சின்ன குழுவில், குறைந்த நாளில், அபூர்வமான பக்கவிளைவு கண்ணில் படாது. அது யாருடைய தப்பும் இல்லை. அதற்குத்தான் பெரிய சோதனை இருக்கிறது.

"நம்பிக்கை கொடுக்கிற செய்தியைக் கூடப் பகிரக் கூடாதா?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆராய்ச்சிச் செய்தியாக, தாராளமாகப் பகிருங்க. முன்பின் தெரியாத யாருக்காகவோ தன் கையை நீட்டி முதல் ஊசியைப் போட்டுக்கொள்கிறவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் 2023இல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நம் நாட்டில் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். அந்தத் தலைப்பைப் படிக்கிற ஒவ்வொரு வீட்டிலும் இன்றைக்குப் போட வேண்டிய மருந்தைத் தள்ளிப்போட ஒரு சாக்கு தேடுகிறவர் இருக்கலாம். புது மருந்து வர வருஷங்கள் ஆகும். கண்ணும் கிட்னியும் அதுவரை காத்திருக்காது.

அதனால் ஷேர் பட்டனை அமுக்கும் முன் நாலு கேள்வி. எந்த ஃபேஸ்? எத்தனை பேர்? எத்தனை வாரம்? எதை அளந்தார்கள்? இந்தியாவில் நடக்கும் சோதனை என்றால் சிடிஆர்ஐ என்ற அரசுப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஐந்து நிமிஷ வேலை.

நான் அந்த மெசேஜுக்குக் கீழேயே எழுதினேன்: "அப்பா, இது முதல் கட்டச் சோதனைதான். நான் படிக்காம அனுப்பிட்டேன். டாக்டர் சொன்னதை ஆரம்பிங்க." ப்ளூ டிக் வந்தது, பதில் வரலை. மூணு நாள் கழிச்சு இன்சுலின் பேனா போட்டோ மட்டும் அனுப்பினார்.

உங்க குரூப்பிலும் அப்படி ஒரு செய்தி கிடக்கும். தேடிப் பாருங்க. அதுக்குக் கீழே எந்த ஃபேஸ்னு ஒரு வரி போடுங்க.